நலமுள்ளபோதே ஒரு சோதனை

நோய் வந்த பின்னரே மருத்துவரை நாடுவது நம் வழக்கம். ஆயின் கருப்பை வாய்ப் புற்றுநோய் பல்லாண்டுகள் யாதொரு துன்பமும் காட்டாது வளர்வது. அதனை முன்னரே அறிவது எவ்வாறு என உலகுக்குக் காட்டியது, பேகம்பூர் அடங்கிய நம் திண்டுக்கல் மாவட்டமே.

ஒட்டன்சத்திரத்தை அடுத்த அம்பிளிக்கையின் கிறிஸ்டியன் பெலோஷிப் சமுதாய நல மையமும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையும் பிறருடன் இணைந்து, 2000 முதல் 2003 வரை இம்மாவட்டக் கிராமங்களில் 30 முதல் 59 வயதுப் பெண்களைச் சோதித்தன. முறை எளிது. 4 சதவீத அசெட்டிக் அமிலத்தை (காடியின் புளிப்பும் இதுவே) பயிற்சி பெற்ற செவிலியர் கருப்பை வாயில் தடவி, ஒரு நிமிடம் கழித்து நோக்குவர். மாறுபட்ட திசு வெண்மையாகத் தோன்றும். அது புற்றாக முற்றுமுன், குளிரால் உறையச் செய்து அழித்துவிடலாம்.

2007-இல் 'லான்செட்' இதழில் முடிவு வெளிவந்தது. சோதனைக்கு அழைக்கப்படாத பெண்களை நோக்க, அழைக்கப்பட்டோரிடையே இந்நோய் 25 சதவீதமும் இதனால் நேரும் இறப்பு 35 சதவீதமும் குறைந்திருந்தன.

அழைக்கப்பட்டோர் 49,311 பேர். வந்தோர் 31,343 பேர். ஏனைய 17,968 பேர் வரவில்லை! நாணம், வேலை, வீட்டாரின் இசைவின்மை எனத் தடைகள் பலவாகலாம். இறுதியில் கூறியதை நீக்குவது ஆடவர் கடமை.

இன்று அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் 30 வயது கடந்த பெண்களுக்கு இச்சோதனை கட்டணமின்றிச் செய்யப்படுகிறது. மாதவிலக்கு நாட்களைத் தவிர்த்துச் செல்க. மாதவிடாய் நின்றபின் குருதி கண்டாலோ, சோதனை முறை வரட்டுமெனக் காத்திராது அன்றே மருத்துவரைக் காண்க.