சோறு சர்க்கரையாகும் வகை

ஒரு கவளம் வெறுஞ்சோற்றை வாயிலிட்டுச் சற்று நேரம் மென்றுகொண்டிருப்போமாயின், அது சிறிது சிறிதாக இனிக்கத் தொடங்குவதை அறியலாம். இவ்வினிப்பு எங்ஙனம் வந்தது? சோற்றிலுள்ள மாப்பொருள், குளுக்கோஸ் என்னும் சர்க்கரைக் கூறுகள் ஆயிரக்கணக்கில் ஒன்றோடொன்று கோக்கப்பட்ட சங்கிலி போன்றது. உமிழ்நீரிலுள்ள அமைலேஸ் என்னும் நொதி அச்சங்கிலியை அறுக்கத் தொடங்குதலின், நாவிற்கு இனிப்புப் புலனாகின்றது. மாப்பொருட் சீரணத்தின் முதற்படி இதுவே.

உணவு இரைப்பையை அடைந்தபின், ஆங்குள்ள அமிலத்தால் இந்நொதியின் தொழில் அடங்கிவிடும். சிறுகுடலிற் கணையநீர் வந்து கலந்து அத்தொழிலை மீண்டும் நடத்தும். குடலின் உட்சுவரிலுள்ள வேறு நொதிகள், எஞ்சிய சிறு துண்டுகளையும், வெள்ளைச் சர்க்கரையையும், பாலிலுள்ள சர்க்கரையையும் தனிக்கூறுகளாகப் பிரிக்கும். அக்கூறுகளே இரத்தத்திற் புகுந்து முதலிற் கல்லீரலை அடையும். ஆங்கு ஒரு பகுதி கிளைக்கோஜனாகச் சேமிக்கப்படும். நார்ப்பொருளோ நம் நொதிகளுக்கு வசப்படாது பெருங்குடலுக்குச் செல்லும்.

இவ்வறிவாற் பயன் யாதெனின், நோயுற்றார்க்கு எவ்வுணவை எப்பொழுது அளிப்பது என்னும் தெளிவேயாம். கணையத்திற் சுரக்கும் இன்சுலின் குறைந்தால் இரத்தத்திற் சர்க்கரை மிகும். அத்தகையோர் தீட்டிய அரிசியைக் குறைத்து, பருப்பும் காய்கறியும் தவிடு நீக்காத தானியமும் சேர்த்துண்டால், சர்க்கரை மெல்ல மெல்லவே ஏறும். 1921இல் டொரான்டோ நகரிற் பான்டிங்கும் பெஸ்டும் இன்சுலினைப் பிரித்தெடுத்த பின்னர், முன்பு மரணமன்றி வேறு முடிவறியாத இந்நோயினர் பலர் உயிர் பிழைத்தனர். ஆயினும் அம்மருந்தை ஊசிவழி ஏற்றிக்கொண்டோர் உணவைத் தாழ்த்து உண்பாராயின், சர்க்கரை மிகக் குறைந்துவிடுதலும் உண்டு. அப்பொழுது உடல் நடுங்கும், வியர்வை பெருகும், அறிவு மயங்கும்.

அவ்வேளையில் வீட்டார் அன்பு மிகுதியாற் சோறு பிசைந்து ஊட்ட முற்படுதல் இயல்பே. ஆனால் சோறு சர்க்கரையாவதற்குக் காலம் வேண்டும். குளுக்கோஸையே முதன்மையான உணவாகக் கொண்ட மூளையோ காத்திராது. ஆதலின், விழுங்கும் நிலையிலுள்ளார்க்கு ஏறக்குறைய 15 கிராம் குளுக்கோஸையோ சர்க்கரையையோ நீரிற் கரைத்து உடனே கொடுத்தல் வேண்டும். 15 நிமிடத்திற் தெளியாவிடின் மீண்டும் கொடுத்து, தெளிந்த பின்னரே சோறூட்டுக. நினைவிழந்தார் வாயில் எதனையும் ஊற்றாது, விரைந்து மருத்துவமனைக்குக் கொண்டு செல்க. அகார்போஸ் என்னும் மருந்துண்பார்க்கு வெள்ளைச் சர்க்கரை விரைந்து உதவாது. அதனைப் பிரிக்கும் நொதியையே அம்மருந்து தடுத்தலின், அவர்க்குக் குளுக்கோஸே தக்கது.

பசித்தார்க்குச் சோறிடுதல் அறம் என்பதை நம்மவர் நன்கறிவர். சோறிடும் வேளை இது, சர்க்கரை தரும் வேளை இது எனப் பகுத்தறிந்து இடுதலும் அவ்வறத்தின் பாற்பட்டதே.