இணையச் செய்தியைத் தேடுதலும் தெளிதலும்: வகுப்பறைக்கு ஒரு பாடம்

நூல் நிலையத்தின் அலமாரிக்கு வந்து சேரும் ஒரு நூலை, எழுதியவர், பதிப்பித்தவர், தேர்ந்து வாங்கியவர் எனப் பலர் முன்னரே பார்வையிட்டிருப்பர். இணையத்தில் இத்தகைய சல்லடை இல்லை. கைப்பேசி உடைய எவரும் எதனையும் எழுதி வெளியிடலாம். இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவை 1995ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் தொடங்கிற்று. அன்று சில பெருநகரங்களுக்கு மட்டுமே கிட்டிய வசதி இன்று சிற்றூர் மாணாக்கரின் கைக்கும் எட்டியுள்ளது. ஆகவே, செய்தியைத் தேடவும், தேடிக் கண்டதை மதிப்பிடவும் கற்பிப்பது ஆசிரியரின் கடமைகளுள் ஒன்றாகிவிட்டது. விவசாயிகளுடனும் தாய்மார்களுடனும் நாள்தோறும் பழகும் களப் பணியாளருக்கும் இப்பயிற்சி இன்றியமையாதது.

தேடுபொறி செய்வது யாது?

தேடுபொறி, நாம் கேட்ட கணத்தில் உலகெங்கும் ஓடித் தேடுவதில்லை. அது இணையப் பக்கங்களை முன்னதாகவே படித்து, நூலின் இறுதியில் காணப்படும் சொல்லடைவைப் போன்ற பெரியதோர் அடைவை அமைத்து வைத்திருக்கிறது. கேட்ட சொற்களுக்குப் பொருந்தும் பக்கங்களை அவ்வடைவிலிருந்து எடுத்து, சொற்பொருத்தம், பிற பக்கங்கள் அளிக்கும் இணைப்புகள் முதலியவற்றைக் கணக்கிட்டு வரிசைப்படுத்துகிறது. முதலிடத்தில் நிற்பதனாலேயே ஒரு பக்கம் உண்மையாகிவிடாது. பணம் செலுத்திய விளம்பரமும் மேலே நிற்கக்கூடும். அண்மைக் காலத்தில், இயந்திரமே தொகுத்து எழுதும் விடையும் தலைப்பில் தரப்படுகிறது. அதனையும் சோதித்த பின்னரே ஏற்றல் வேண்டும்.

கேள்வியை அமைக்கும் முறையும் முக்கியமானது. ‘நெல் நோய்’ என்று கேட்பதைவிட ‘நெல் குலைநோய் இலைப்புள்ளி’ என்று கேட்பது தேடும் எல்லையைச் சுருக்கித் தரும். விடையைக் கேள்விக்குள்ளேயே வைத்துவிடலாகாது. ‘வேம்பு நீரிழிவைக் குணமாக்குகிறது’ என்று தேடுபவருக்கு அக்கருத்துடைய பக்கங்களே மிகுதியாகக் கிடைக்கும். ‘வேம்பு நீரிழிவு ஆராய்ச்சி முடிவு’ என்று தேடுபவருக்கு இருபக்கச் செய்தியும் கிடைக்க வாய்ப்புண்டு.

செவ்வாய்க் கிரகம் கற்பிக்கும் பாடம்

வகுப்பில் எடுத்துக்கொள்ளத்தக்க உதாரணம் ஒன்று உண்டு. ‘ஆகஸ்டு 27ஆம் நாள் செவ்வாய்க் கிரகம் முழுநிலவு அளவு பெரிதாகத் தோன்றும்’ என்ற செய்தி 2003ஆம் ஆண்டு மின்னஞ்சல் வழியே பரவிற்று. பின்னரும் பல ஆண்டுகள் ஆகஸ்டு மாதம் வந்ததும் அது மீண்டும் தலைகாட்டியது.

இதனை மாணாக்கர் தாமே சோதிக்கலாம். நிலவின் விட்டம் சுமார் 3,474 கிலோமீட்டர். அதன் சராசரித் தூரம் 3,84,400 கிலோமீட்டர். செவ்வாயின் விட்டம் சுமார் 6,779 கிலோமீட்டர். 2003 ஆகஸ்டு 27 அன்று அதன் தூரம் சுமார் 5.58 கோடி கிலோமீட்டர். அதாவது, செவ்வாய் நிலவைப் போல் ஏறத்தாழ இருமடங்கு பெரியது. ஆனால் சுமார் 145 மடங்கு தொலைவில் இருந்தது. ஆகவே அதன் தோற்ற விட்டம் நிலவினுடையதில் ஏறத்தாழ 74இல் ஒரு பங்கே.

இச்செய்தி முழுக் கற்பனையும் அன்று. 75 மடங்கு பெருக்கிக் காட்டும் தொலைநோக்கியில் பார்த்தால் செவ்வாய், வெறுங்கண்ணுக்குத் தோன்றும் நிலவின் அளவாகத் தெரியும் என்பதே முதற்செய்தி; மேற்கண்ட கணக்கும் அதனையே உறுதிப்படுத்துகிறது. கைமாறியபோது தொலைநோக்கி உதிர்ந்தது, ஆண்டும் உதிர்ந்தது. 2004 ஆகஸ்டில் செவ்வாய் சூரியனுக்கு அப்புறம் சென்றிருந்தமையால் அதனைக் காண்பதே அரிதாயிருந்தது. ஒரு செய்தியிலிருந்து எது விடுபட்டது என்று வினவும் பழக்கத்தை மாணாக்கர் இவ்வுதாரணத்தால் பெறுவர்.

பக்கத்தை விட்டு வெளியே வருதல்

கணக்கிட்டுப் பார்க்க இயலாத செய்திகளே மிகுதி. அவற்றை எங்ஙனம் மதிப்பிடுவது? அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ ஆகியோர் 2017ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு இதற்கு வழிகாட்டுகிறது. வரலாற்று அறிஞர் 10 பேர், செய்திகளைச் சரிபார்க்கும் தொழிலினர் 10 பேர், கல்லூரி மாணவர் 25 பேர் ஆகியோரிடம் சில இணையப் பக்கங்கள் மதிப்பீட்டுக்குத் தரப்பட்டன. அறிஞரிலும் மாணவரிலும் பலர் பக்கத்தினுள்ளேயே நின்று அதன் அமைப்பையும் நடையையும் கண்டு ஏமாந்தனர். சரிபார்ப்போரோ விரைவில் அப்பக்கத்தை விட்டு வெளியேறி, அதனை நடத்துவோரைப் பற்றிப் பிறர் கூறுவதைத் தேடினர். குறைந்த நேரத்தில் சரியான முடிவுக்கும் வந்தனர்.

முகவரியும் ஓரளவு உதவும். ‘ஜிஓவி.இன்’ என முடியும் முகவரி இந்திய அரசு அமைப்புகளுக்கே வழங்கப்படுகிறது. ‘டாட் காம்’, ‘டாட் ஆர்க்’ என்பவற்றைக் கட்டணம் செலுத்தி எவரும் பெறலாம். எனினும், நம்பத்தக்க பக்கமும் பழையதாயிருக்கலாம். எண்டோசல்ஃபான் பூச்சிமருந்தை 2011ஆம் ஆண்டு மே மாதம் உச்ச நீதிமன்றம் தடை செய்தது. அதற்கு முன்னர் அதனைப் பரிந்துரைத்து எழுதப்பட்ட பக்கம், எழுதிய காலத்தில் முறையானதாயினும், இன்று பின்பற்றத்தக்கதன்று.

பாடம் நடத்தும் முறை

1. செவ்வாய்ச் செய்தியைக் கரும்பலகையில் எழுதி, நம்புவோர், நம்பாதோர் எண்ணிக்கையைக் குறித்துக்கொள்க.

2. தேடுவதற்குரிய சொற்களை ஒவ்வொரு குழுவும் முதலில் தாளில் எழுதுக.

3. யார் கூறுகிறார், எப்போது கூறினார், சான்று யாது, தொடர்பற்ற வேறொருவர் அதனை ஒப்புகிறாரா என்ற நான்கு வினாக்களுக்கும் விடை தேடுக. ஒரே செய்தியைப் பிரதி செய்த பத்துப் பக்கங்கள் ஒரு சாட்சியே ஆகும்.

4. முடிவையும் அதற்கான காரணத்தையும் இரண்டு வாக்கியங்களில் எழுதுக.

இணைய வசதி இல்லாத பள்ளியில், முரண்பட்ட இரு பக்கங்களை அச்சிட்டுக் கொடுத்தும் இப்பாடத்தை நடத்தலாம்.

எல்லாவற்றையும் நம்புவதைப் போலவே எதனையும் நம்பாமையும் குறையே என்பதை மாணாக்கருக்கு உணர்த்துதல் வேண்டும். செவ்வாயைப் பற்றிய தவறு எவருக்கும் தீங்கிழைக்காது. ஆனால், பாம்பு கடித்த இடத்தைக் கீறி உறிஞ்சுமாறும், இறுகக் கட்டுமாறும் கூறும் பக்கம் உயிருக்கே ஊறு செய்யும். இவற்றைச் செய்யலாகாது, கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்து, விஷமுறிவு மருந்துள்ள மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. ஆபத்து நேர்ந்த வேளையில் ஆராய்ந்து கொண்டிருக்க அவகாசமிராது. வகுப்பறையில் அமைதியாகப் பழகிய வழக்கமே அப்போது கைகொடுக்கும்.