மச்சானின் தூண்டிலும் நம் கடற்சட்டமும்

கேள்வி: ஐயா, உப்புவெளியில் கரையோரமாக இரண்டு அறைகளை வாடகைக்கு விட்டிருக்கிறேன். ஆவணி மாதம் கனடாவிலிருந்து மச்சான் பிள்ளைகளோடு வருகிறார். அவருக்குத் தூண்டில் என்றால் உயிர். அங்கே லைசென்ஸ் இல்லாமல் தூண்டில் போட்டால் தண்டம் கட்ட வேண்டுமாம். இங்கே லைசென்ஸை யாரிடம் எடுப்பது என்று கேட்கிறார். ஸ்பியர்கன் ஒன்றும் கொண்டுவருவாராம். புறாத்தீவுப் பக்கம் பெரிய பாரை ஏறும் என்று யாரோ அவருக்குச் சொல்லிவைத்திருக்கிறார்கள். கரையில் விசாரித்தால் ஒருவர் “ஒன்றும் தேவையில்லை, நான் வள்ளத்தில் கூட்டிப்போகிறேன்” என்கிறார். இன்னொருவர் “தங்கூசி தடை, நேவி பிடிப்பான்” என்கிறார். எதை நம்புவது? – வாசகர், உப்புவெளி

பதில்: முதலில் அந்த ஸ்பியர்கன். அதை மச்சான் வீட்டிலேயே வைத்துவிட்டு வரட்டும். இலங்கைக் கடலில் ஸ்பியர்கன்னால் மீன் குத்துவது தடைசெய்யப்பட்ட தொழில். வெடி, தடைவலை வழக்குகளோடு ஸ்பியர்கன்னோடு பிடிபட்டவர்களையும் கடற்படை அறிவித்துக்கொண்டுதான் இருக்கிறது. வெளிநாட்டுப் பிரஜை, விடுமுறைக்கு வந்தவர் என்பதெல்லாம் அங்கே எடுபடாது. தடையில் நியாயமும் இருக்கிறது. கலவாய் போன்ற கல்லு மீன்கள் ஒரே பொந்தைச் சுற்றி வாழ்பவை. விரட்டினாலும் அங்கேயே திரும்பி வரும். கலவாயில் பல இனங்கள் பெண்ணாகப் பிறந்து, வளர்ந்தபின்தான் ஆணாக மாறுகின்றன. மூச்சடக்கத் தெரிந்த ஒருவர் பெரிய மீனாகப் பார்த்துக் குத்திக்கொண்டு போனால் அந்தக் கல்லில் ஆண் மீனே மிஞ்சாமல் போகலாம்.

இனி லைசென்ஸ். மச்சான் கேட்பதில் தவறில்லை. கனடாவின் ஒன்ராறியோ போன்ற மாகாணங்களில் சட்டம் தூண்டில்காரரையே பிடிக்கிறது. கையில் அட்டை வேண்டும். இன்ன மீனில் நாளுக்கு இத்தனை, இந்த நீளத்துக்குக் குறைந்தால் திரும்ப விடு, இந்த மாதத்தில் தொடாதே என்று கணக்கு இருக்கும். நம்முடைய 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில், நீரியல் வளங்கள் சட்டம் தொழிலாளரை மனதில் வைத்து எழுதப்பட்டது. அது வள்ளத்தைப் பார்க்கிறது, கருவியைப் பார்க்கிறது, இடத்தைப் பார்க்கிறது, சில உயிரினங்களைப் பார்க்கிறது. உப்புவெளிக் கரையில் நின்று தூண்டில் எறிபவரிடம் அட்டை கேட்கும் நடைமுறை இங்கே இல்லை. பொழுதுபோக்காக வந்தவர் நாளுக்கு எத்தனை பாரை எடுக்கலாம் என்ற கணக்கும் இல்லை.

இதைச் சுதந்திரம் என்று எடுத்துக்கொள்பவர்கள் உண்டு. நான் அப்படி எடுக்கவில்லை. சட்டத்தில் இருக்கும் ஓட்டை என்றே நினைக்கிறேன். சல்லியில் தொழிலுக்குப் போகிறவர் வள்ளத்தைப் பதிய வேண்டும், தொழிலுக்கு அனுமதிப்பத்திரம் எடுக்க வேண்டும், வலைக் கண்ணின் அளவுக்குக்கூடப் பதில் சொல்ல வேண்டும். அவருடைய அதே கல்லில், படம் எடுப்பதற்காக இருபது பாரையைத் தூக்கிப்போடும் விருந்தாளிக்கு எந்தக் கேள்வியும் இல்லை. இது நியாயமல்ல. பாரை, கலவாய், விளைமீன் இவற்றுக்காவது பொழுதுபோக்குத் தூண்டிலுக்கென்று நாள் அளவும் குறைந்த நீளமும் வந்தே ஆக வேண்டும். வரும்வரை மச்சான் தன் ஊர்க் கணக்கையே இங்கேயும் பிடித்துக்கொள்ளட்டும்: அன்றைய கறிக்கு வேண்டியது மட்டும்.

“தங்கூசி தடை” என்று சொன்னவர் பாதி சரி. தடை தங்கூசி வலைக்கு. தூண்டிலில் கட்டும் தங்கூசி நூலுக்கு அல்ல. அந்த வலை தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாது, உக்காது, அறுந்து கல்லில் சிக்கினால் ஆளில்லாமலே ஆண்டுக்கணக்கில் மீனைக் கொன்றுகொண்டிருக்கும். தூண்டில்காரர் அறுத்துவிடும் நூலும் சிறிய அளவில் அதே வேலையைச் செய்வதால் சிக்கிய நூலை முடிந்தவரை இழுத்தெடுத்துக் கரைக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். பவளக் கல்லின் மேல் வலை விரிப்பதும் தடை. வள்ளக்காரர் “வழியில் ஒரு வலை போட்டு எடுப்போம்” என்றால் மறுத்துவிடுங்கள். பிடிபட்டால் மச்சானும் அந்த வள்ளத்தில்தான் இருப்பார்.

வள்ளத்தில் ஏறுமுன் அதன் பக்கவாட்டைப் பாருங்கள். பதிந்த வள்ளமென்றால் பெரிய எழுத்தில் எண் தீட்டியிருக்கும். ஓ.எஃப்.ஆர்.பி. என்று தொடங்கினால் வெளியே எஞ்சின் பூட்டிய கண்ணாடியிழை வள்ளம்; ஐ.எம்.யூ.எல். என்றால் பலநாள் கலம். முடிவில் டி.சி.ஓ. என்றிருந்தால் திருகோணமலை மாவட்டப் பதிவு. எண் அழிந்தோ பெயின்ற்றில் மறைந்தோ இருந்தால் அதில் பிள்ளைகளை ஏற்ற வேண்டாம். ஆட்களை உல்லாசப் பயணம் கொண்டுபோக அனுமதி இருக்கிறதா, உயிர்காப்பு அங்கி எல்லோருக்கும் போதுமா என்றும் கேளுங்கள். இவை கேட்க வெட்கப்பட வேண்டிய கேள்விகள் அல்ல. நேர்மையான வள்ளக்காரர் கோபிக்க மாட்டார்.

புறாத்தீவு. இங்கேதான் விருந்தாளிகள் அறியாமல் மாட்டிக்கொள்கிறார்கள். நிலாவெளிக் கரையிலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீற்றரில் இருக்கும் அந்த இரண்டு சிறு தீவுகளும் 1963இல் சரணாலயமாகி, 2003இல் தேசியப் பூங்காவாயின. பூங்காவின் பரப்பு சுமார் 471 ஹெக்டேயர். பெரிய தீவே இருநூறு மீற்றர் நீளம்தான். ஆக, பூங்காவின் பெரும்பகுதி கடல். “தீவில் இறங்கவில்லையே, வள்ளத்தில் இருந்தல்லவா தூண்டில் போட்டேன்” என்ற சாட்டு அதனால்தான் நிற்பதில்லை. அங்கே தூண்டிலும் குற்றம், பவளத் துண்டோ சங்கோ எடுப்பதும் குற்றம். பூங்காவைக் காப்பது கடற்றொழில் திணைக்களம் அல்ல, வனசீவராசிகள் திணைக்களம். சட்டமும் வேறு, தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச்சட்டம். நிலாவெளியில் சீட்டு எடுத்துக்கொண்டு பிள்ளைகளைக் கண்ணாடி போட்டு நீந்திப் பார்க்கக் கூட்டிப்போங்கள். தூண்டில் அறையிலேயே இருக்கட்டும். உட்துறைமுகத்தில் கடற்படைத் தளத்தை ஒட்டிய நீரிலும் தூண்டிலோடு திரிய வேண்டாம்.

உப்புவெளி, சல்லிக் கரையில் கரைவலை வளைத்திருக்கும் நேரத்தில் அந்தப் பாட்டுக்குள் நின்று எறிவதையும் தவிர்க்க வேண்டும். பாடு என்பது அனுமதி பெற்ற உரிமை. அங்கே ஒரு கொளுக்கி வலையில் மாட்டினால் கிழிவது இருபது முப்பது பேரின் அன்றைய பங்கு.

தொடக்கூடாதவை: ஆமை, கடற்பசு, ஓங்கில், திமிங்கிலம் எல்லாமே பாதுகாக்கப்பட்டவை. சுறாவில் திமிங்கிலச் சுறாவும், உடம்பளவுக்கு வால் நீண்ட சுறா இனமும் தடை. இந்த நீண்டவால் சுறா பற்றி இந்து சமுத்திர சூரை ஆணைக்குழு 2012இல் எடுத்த தீர்மானம் பொழுதுபோக்குத் தூண்டில்காரரையே பெயர்சொல்லிக் குறிப்பிடுகிறது. தூண்டிலில் மாட்டினால் உயிரோடு விட வேண்டும், விடுவதற்கான கருவி வள்ளத்திலேயே இருக்க வேண்டும். இலங்கை அதன் உறுப்பு நாடு. எந்தச் சுறாவானாலும் செட்டையை மட்டும் வெட்டிக்கொண்டு கரைக்கு வர முடியாது; செட்டை உடம்போடு இருக்க வேண்டும் என்பது 2001இலிருந்து இருக்கும் விதி. மச்சான் செப்டெம்பர்வரை நின்றால் சிங்கி இறால் கேட்பார். பெப்ரவரி, செப்டெம்பர், ஒக்டோபர் மாதங்கள் அதற்கு மூடிய காலம். முட்டை சுமந்த சிங்கியை எந்த மாதமும் தொடக்கூடாது.

“நேவி பிடிப்பானா?” என்ற கேள்விக்குப் பின்னால் நம்மூரில் ஒரு வரலாறு இருக்கிறது. யுத்த காலத்தில் பாஸ் இல்லாமல் கடலில் கால் வைக்க முடியாது. இரவுத் தொழில் இல்லை. எஞ்சினின் குதிரைவலுவுக்கும் கட்டுப்பாடு. அந்தப் பயம் ஒரு தலைமுறையின் உடம்பில் தங்கிவிட்டது. அதனால் இன்று சாதாரணச் சோதனைக்கும் சிலர் எஞ்சினைக் கூட்டி ஓடப் பார்க்கிறார்கள். அப்படிச் செய்யக்கூடாது. கடற்படைக்கும், 2009ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த கரையோரக் காவல் திணைக்களத்துக்கும், பொலிஸுக்கும் வள்ளத்தை நிறுத்திப் பார்க்க அதிகாரம் உண்டு. கடற்படை பிடிக்கும், ஆளையும் வள்ளத்தையும் கருவியையும் திருகோணமலைக் கடற்றொழில் உதவிப் பணிப்பாளர் அலுவலகத்திலோ பிரதேசக் கடற்றொழில் பரிசோதகரிடமோ ஒப்படைக்கும், வழக்கு நீதவான் நீதிமன்றத்துக்குப் போகும். வள்ளமும் கருவியும் பறிபோகலாம். மச்சானுக்கு ஒரு தண்டத்தோடு முடிவது வள்ளக்காரருக்குச் சீவனத்தையே முடித்துவிடும். அவரைத் தவறான இடத்துக்குப் போகச்சொல்லிக் காசு கூட்டிக் கொடுக்காதீர்கள் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்.

மறித்தால் எஞ்சினை நிற்பாட்டுங்கள். பாஸ்போர்ட்டின் பிரதி ஒன்றைத் தண்ணீர் புகாத பையில் வைத்திருங்கள். பிடித்த மீனைக் காட்டுங்கள். தூண்டிலும் நான்கு மீனும் வைத்திருக்கும் குடும்பத்தை அவர்கள் தேடி வருவதில்லை.

அவர்கள் தேடுவது வெடிக்காரரை. திருகோணமலைக் கடலின் ஆறாத புண் அது. ஒரு வெடிக்குப் பாரைக் கூட்டம் முழுதும் மிதக்கும்; மிதப்பதை அள்ளுவார்கள், அடியில் தாழ்ந்தது அழுகும், கல்லு நொறுங்கும். நொறுங்கிய கல்லில் திரும்பப் பவளம் பிடிக்கப் பல்லாண்டு செல்லும். சட்டத்தின் 27ஆம் பிரிவு வெடியையும் நஞ்சையும் பாவிப்பதை மட்டுமல்ல, மீன்பிடிக்கவென்று வைத்திருப்பதையும் தடுக்கிறது. பல ஆண்டாகச் சட்டம் இருந்தும் வெடி நிற்காததற்கு ஒரு காரணம், அந்த மீனை நாம் வாங்குவது.

நீங்கள் விருந்தாளிக்குச் சமைப்பவர். ஆகவே கையால் பார்த்து வாங்குங்கள். வெடி மீனின் வெளித்தோல் பெரும்பாலும் பளபளவென்றே இருக்கும். கண் இரத்தம் கட்டிச் சிவந்திருக்கும். முதுகை இரு கையாலும் பிடித்து மெல்ல வளைத்தால் நடுமுள் முறிந்த இடத்தில் தொளதொளக்கும். வயிற்றைக் கீறினால் காற்றுப்பை கிழிந்து, குடல் கலங்கி, உள்ளே இரத்தம் தேங்கியிருக்கும். முள்ளை ஒட்டிய சதையில் கருஞ்சிவப்புத் திட்டு நிற்கும். தூண்டில் மீனில் வாயில் ஒரு துளை, வலை மீனில் செவுளோரம் நூல் அறுத்த தழும்பு; வெடி மீனில் இரண்டும் இராது. சந்தேகம் வந்தால் வாங்காமல் விடுங்கள், பரிசோதகருக்குச் சொல்லுங்கள். அவர்கள் மாதிரியை நாரா என்னும் நீரியல் வள ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அனுப்பிச் சோதிக்க முடியும்.

கடலில் நிற்கும்போது வெடிச் சத்தம் கேட்டால் மச்சான் கிட்டப் போய்ப் படம் எடுக்க வேண்டாம். நேரத்தையும் திசையையும் குறித்துக்கொண்டு, தூரத்திலிருந்தே வள்ள எண் தெரிந்தால் அதையும் எழுதிக்கொண்டு, கரைக்கு வந்து 119க்கு அழைக்கலாம். புறாத்தீவுப் பக்கமென்றால் வனசீவராசிகள் திணைக்களத்தின் 1992க்கு.