நாற்பது கோடி அடிகள்

உம்மும்மாவின் நெஞ்சுக்குள் ஒரு மணிக்கூடு இருக்கிறது என்றுதான் சிறு வயதில் நம்பியிருந்தேன். இரவில் அவர் பக்கத்தில் படுத்தால் 'டிக் டிக்' என்று கேட்கும். அது செயற்கை இதய வால்வு மூடும் சத்தம் என்பது பிறகுதான் தெரிந்தது.

உயர்தர வகுப்பில் இதயம் பற்றிப் படித்த அன்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். நிமிடத்துக்கு 70 துடிப்பு என்றால் நாளுக்கு 100,800. வருடத்துக்கு ஏறத்தாழ 3 கோடி 68 இலட்சம். அத்தனை தடவையும் அந்த வால்வு திறந்து மூட வேண்டும்!

இத்தகைய உலோக, காபன் வால்வுகளை மனிதருக்குப் பொருத்த முன்னர், ஆய்வுகூடத்தில் 40 கோடி தடவை திறந்து மூடிப் பார்க்கிறார்கள். இதயத்தின் வேகத்தில் செய்தால் பத்து வருடத்துக்கு மேல் செல்லும். ஆகவே இயந்திரத்தை விரைவாக ஓட்டுகிறார்கள். செக்கனுக்கு 15 தடவை என்றால் ஏறத்தாழ 309 நாட்கள். இன்னொரு கருவியில், தண்ணீரும் கிளிசரினும் கலந்த திரவத்தைக் குருதிபோல் பாய்ச்சி, மூடிய வால்வினூடாக எவ்வளவு பின்னோக்கி ஒழுகுகிறது என்று அளக்கிறார்கள். அடுத்தது செம்மறி ஆடுகள். மனிதர் அதற்கும் பிறகே.

எனக்குப் பயம் பிடித்தது இங்கேதான். உம்மும்மாவுக்கு வால்வு வைத்து 11 வருடம். 40 கோடி தாண்டிவிட்டதே! பௌதிகவியல் ஆசிரியையிடம் ஓடினேன்.

"நாற்பது கோடி ஆயுள் இல்லை, பிள்ளை. அது பரீட்சை. அத்தனை அடிக்குப் பிறகு கழற்றி, எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்ப்பார்கள்" என்றார்.

ஆனால் பரீட்சைத் தாளில் கேட்கப்படாத கேள்வியும் உண்டு. 1979 இல் சந்தைக்கு வந்த பியோர்க் ஷைலி குவிவுக்குழிவு வால்வு சுமார் 86,000 பேருக்குப் பொருத்தப்பட்டது. தட்டைத் தாங்கி நின்ற, உருக்கி ஒட்டப்பட்ட சிறு கம்பி சிலருக்கு முறிந்தது. தட்டு கழன்றுவிட்டால் குருதியைத் தடுக்க எதுவுமில்லை. பலர் இறந்தார்கள். 1986 இல் விற்பனை நிறுத்தப்பட்டது. காரணத்தைத் தேடியபோது, தட்டு மூடுகையில் சற்று மிகையாகச் சுழன்று கம்பியின் நுனியில் இடிப்பது தெரியவந்தது. முன்னைய பரிசோதனைகள் அந்த இடியைக் காட்டவில்லை. படியேறும் மனிதரின் இதயம் இயந்திரம்போல் ஒரே தாளத்தில் அடிப்பதில்லையே.

உம்மும்மாவிடம் இந்தக் கதையைச் சொல்லவில்லை. கணக்கை மட்டும் சொன்னேன்.

"நாப்பது கோடியா? நான் எண்ணல்ல மகள்" என்றவர், குருதி உறையாமல் இருக்கக் குடிக்கும் குளிசையைத் தேடத் தொடங்கினார். மறுநாள் அவருக்குக் கிளினிக்.