முதலில் நிழல், பிறகு மின்சாரம்

வீட்டுக்கு மேல்மாடி கட்ட வாப்பா வரைபடம் கொண்டுவந்தார். மேற்குச் சுவர் முழுவதும் கண்ணாடி. "பின்னேர வெயில் அடிக்குமே" என்றார் உம்மா. "ஏசி பூட்டினால் சரிதானே" என்றார் வாப்பா.

அந்த வாரம் பாடசாலை ஒப்படைக்காக அபூதாபியின் மஸ்தார் நகரைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். புதுப்பிக்கத்தக்க சக்தி ஆய்வுக்கும் அத்துறை நிறுவனங்களுக்குமாகப் பாலைவனத்தில் எழுந்த நகரம் அது. 2006இல் தொடங்கிய திட்டம். வடிவமைத்தது நோர்மன் ஃபொஸ்டரின் நிறுவனம்.

அங்கே 10 மெகாவொற் சூரிய மின்நிலையம் உண்டு. ஆனால் மின்சாரம் ஆக்குவதோடு அவர்கள் நிற்கவில்லை; வெப்பத்தையே தடுத்தார்கள். வீதிகள் ஒடுக்கமானவை, ஒரு கட்டடத்தின் நிழல் அடுத்ததன் சுவரில் விழும். 45 மீற்றர் உயரக் காற்றுக் கோபுரம் மேலே வீசும் காற்றைக் கீழே முற்றத்துக்கு இறக்கும். இரண்டும் பழைய அரபு நகரங்கள் அறிந்த வழிகளே.

2016இல் முடிக்க எண்ணிய நகரம் அவ்வாண்டில் முடியவில்லை. ஆனாலும் அதன் பாடம் எனக்குப் போதுமாயிருந்தது: உள்ளே வராத வெப்பத்தை வெளியேற்ற மின்சாரம் தேவையில்லை.

பென்சில் எடுத்தேன். மேற்கே சிறு யன்னல் ஒன்று. வடக்கிலும் தெற்கிலும் எதிரெதிராகப் பெரிய யன்னல்கள். வாப்பா ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் மேசனிடம், கண்ணாடியைக் கழித்துக் கணக்குக் கேட்டார்.