கூடி எழுதும் ஏடு

ஒருவர் எழுதியதைப் பலர் படித்தல் நாம் நெடுங்காலமாக அறிந்த முறை. பலர் கூடி ஒன்றை எழுதுதலும், படிப்பவரே பிழை கண்டவிடத்து அதனைத் திருத்துதலும் கணினி தந்த புதுமுறை. இம்முறைக்கு இடமளிக்கும் இணையத்தளத்தை 'விக்கி' என்பர். மாணவர்க்கு அதனால் விளையும் பயன் யாது? அதனை ஈண்டுக் காண்போம்.

வார்டு கன்னிங்காம் என்னும் அமெரிக்கக் கணினி அறிஞர் 1995-ஆம் ஆண்டில் முதல் விக்கித் தளத்தை அமைத்தார். கணினிக்கு நிரல் எழுதுவோர் தாம் கண்ட நெறிகளைத் தமக்குள் எளிதிற் பகிர்ந்து கொள்ளவேண்டும் என்பது அவர் நோக்கம். அவாய்த் தீவுகளின் மொழியில் 'விக்கி' என்னும் சொல் விரைவைக் குறிக்கும். ஒனலூலு விமான நிலையத்தில் ஓடிய 'விக்கி விக்கி' என்னும் பேருந்தை நினைந்தே அவர் தம் தளத்திற்கு அப்பெயரைச் சூட்டினார். 2001-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 15-ஆம் நாள், இம்முறையைக் கைக்கொண்டு விக்கிப்பீடியா என்னும் கலைக்களஞ்சியம் தோன்றிற்று. 2003-ஆம் ஆண்டில் தமிழிலும் அது தொடங்கப்பெற்றது.

விக்கித் தளத்தின் ஒவ்வொரு பக்கத்திற்கும் மூன்று உறுப்புக்கள் உண்டு. முதலாவது, எழுதவும் திருத்தவும் உதவும் பகுதி. இரண்டாவது, கருத்து வேறுபடுவோர் தத்தம் காரணங்களைக் கூறி வழக்காடும் உரையாடற் பகுதி. மூன்றாவது, எந்நாளில் எவர் எதனை மாற்றினார் என்பதைக் காட்டும் வரலாற்றுப் பகுதி. பண்டு ஓலைச் சுவடிகளைப் பெயர்த்து எழுதியோர் செய்த மாற்றங்களை அறிய இத்தகைய குறிப்பு இல்லை. டாக்டர் உ. வே. சாமிநாதையர் ஊர்தோறும் சென்று சுவடிகளைத் தேடி, ஒன்றோடொன்று ஒப்புநோக்கி, அரிதின் முயன்று 1887-ஆம் ஆண்டில் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். விக்கியிலோ பழைய வடிவங்கள் அனைத்தும் வரிசையாக நிற்கின்றன. ஒருவர் நல்ல பகுதியை அழித்துவிடினும், பிறிதொருவர் அதனை நொடியில் மீட்டுவிடலாம்.

ஒன்பதாம் வகுப்பு மாணவர் தம் ஊர் ஏரியைப் பற்றி இத்தகைய பக்கம் ஒன்று எழுதுகின்றனர் என்று கொள்வோம். ஒருவன் முதியோரிடம் கேட்டறிந்த செய்திகளை எழுதுகிறான். ஒருத்தி பாசனம் பெறும் வயல்களைப் பற்றி எழுதுகிறாள். நடை அறிந்தவன் ஒருவன் சொற்பிழைகளைக் களைகிறான். 'ஏரிக்கு மதகுகள் மூன்று' என்கிறான் ஒருவன். 'நான்கு' என்று திருத்துகிறான் மற்றொருவன். முன்னவன் மீண்டும் மூன்று என்று மாற்றுகிறான். இவ்வாறு மாறி மாறித் திருத்துவதால் ஒரு பயனும் இல்லை. ஆசிரியர் இருவரையும் ஏரிக்கரைக்கே அனுப்புகிறார். அங்கே நீர் பாயும் மதகுகள் மூன்று. தூர்ந்துபோய்ப் புதரால் மூடப்பட்ட மதகு ஒன்று. இருவர் கூற்றிலும் உண்மை இருந்தது. எனினும், ஒருவர் கூற்றும் நிறைவுடையதாக இல்லை. இருவரும் சேர்ந்து எழுதிய வரியே நிறைவுடையதாயிற்று. வாதத்தில் வெல்லுதலினும் உண்மையைக் காணுதல் பெரிது என்பதை அம்மாணவர் அன்று உணர்ந்தனர்.

இது வெறுங் கற்பனை அன்று. கனடா நாட்டின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இலத்தீன் அமெரிக்க இலக்கியம் பயின்ற ஒரு வகுப்பினர், 2008-ஆம் ஆண்டில் தம் பயிற்சிக் கட்டுரைகளை ஆங்கில விக்கிப்பீடியாவிலேயே எழுதினர். முன்பின் அறியாதோர் பலர் அவற்றைப் படித்துக் குறை கூறினர். மாணவர் சோர்ந்துவிடாமல் நூலகம் சென்று சான்று தேடித் திருத்தினர். அவற்றுள் மூன்று கட்டுரைகள் அக்களஞ்சியத்தின் மிகச் சிறந்த கட்டுரைகளுக்குரிய தகுதியைப் பெற்றன. ஆசிரியர் ஒருவர்க்காக எழுதுவது மதிப்பெண் பெற்றதும் மறக்கப்படும்; உலகத்தார்க்காக எழுதுவதோ கருத்துடன் எழுதப்படும்.

எவரும் எழுதலாம் என்னும் உரிமையில் தீங்கும் உண்டு. 2005-ஆம் ஆண்டு மே மாதத்தில், ஜான் சீகந்தாலர் என்னும் முதுபெரும் அமெரிக்கப் பத்திரிகையாளர் கொலைச் சதியில் ஐயத்திற்கு உள்ளானவர் என்று ஒருவர் ஆங்கில விக்கிப்பீடியாவில் பொய்யாக எழுதிவைத்தார். அவர் அதனை விளையாட்டாகச் செய்தார். அப்பொய் நான்கு திங்களுக்கு மேல் அங்கேயே நின்றது. அதனைப் படித்துச் சென்றோர் பலர். 'இதற்குச் சான்று யாது?' என்று கேட்டுத் திருத்தியவர் அதுகாறும் ஒருவரும் இலர். எழுதியவர் பிழை ஒன்று. வாளா படித்துச் சென்றவர் பிழை மற்றொன்று.

ஆதலின், மாணவர்களே! கூடி எழுதும் ஏட்டில் கை வைக்குமுன் சில நெறிகளை உளங்கொள்ளுங்கள். சான்று இல்லாததை எழுதாதீர்கள். பிறர் எழுத்தைக் கவர்ந்து உமதெனக் காட்டாதீர்கள். உம்முடைய முகவரி முதலியவற்றைப் பொதுவிடத்தில் வெளியிடாதீர்கள். பிறர் பிழையைத் திருத்தும்போது காரணத்தை இன்சொல்லால் கூறுங்கள். உம் பிழையைப் பிறர் திருத்தினால் வெகுளாது, அது பொருந்துமா என்று ஆராயுங்கள்.

திருத்தப்படுதல் இழிவன்று, திருந்த மறுத்தலே இழிவு. இவ்வுண்மையை உணர்ந்த வகுப்பில், ஒருவர் கற்றது நாற்பதின்மர்க்கும் உரிய செல்வமாகும்.