சங்கிலி வாளிற் சூட்டினால் உண்டாகும் பழுதுகள்

புயலிற் சரிந்த தென்னையைத் துண்டாக்கவும், பயிருக்கு நிழல் விழுத்தும் கொப்புகளைத் தறிக்கவும், வேலிக்குக் கட்டை எடுக்கவும் கமக்காரர் பலர் இன்று சங்கிலி வாளைப் பயன்படுத்துகின்றனர். சில காலம் வேலை செய்தபின், சைலன்சர் உள்ள பக்கத்திற் பிளாஸ்ரிக் மூடி உருகி வளைந்திருத்தலையோ, அதிர்வு தாங்கும் இறப்பர் வெடித்திருத்தலையோ காணலாம். அவ்வுறுப்பை மாற்றிவிட்டாற் போதும் என்று கருதுதல் தவறாகும். உருகிய உறுப்பு நோயன்று; நோயின் குறியே ஆகும். காரணத்தை நீக்காது புதிய மூடியைப் பூட்டினால் அதுவும் உருகும். சூடு மேலும் மிகுந்தாற் பிஸ்டன் சிலிண்டருள் இறுகி, எஞ்சின் முழுவதும் பழுதாகவும் கூடும்.

சூட்டின் தன்மை

எஞ்சினில் எரிந்த வாயு சைலன்சர் வழியாக வெளியேறுகின்றது. வேலை நடக்கும்போது சைலன்சரின் உலோகம் சில நூறு பாகை செல்சியஸ் வரை சூடேறும். வாளின் மூடிகளுக்குப் பெரிதும் பயன்படும் நைலோனில் ஒரு வகை ஏறக்குறைய 220 பாகையில் உருகிவிடும். இவ்விரண்டிற்கும் இடையே உள்ள சிறு வெளியும், விசிறிச் சில்லு தள்ளும் காற்றுமே மூடியைக் காக்கின்றன. புகை வேறு வழியாகக் கசிந்தாலும், காற்று தடைப்பட்டாலும் அக்காப்பு இல்லாமற் போகும்.

காரணங்கள்

1. சைலன்சரின் திருகாணிகள் தளர்தல். சிலிண்டர் அலுமினியத்தாலும் திருகாணி உருக்காலும் ஆனவை. சூட்டில் அலுமினியம் உருக்கைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு விரியும். பலமுறை சூடேறி ஆறுவதாலும், அதிர்வினாலும் திருகாணி தளர்கின்றது. அப்போது புகை பக்கவாட்டிற் பாய்ந்து மூடியைச் சுடும். இடையிலுள்ள கஸ்கெற் கிழிந்தாலும் இதுவே நிகழும்.

2. கம்பிவலை அடைபடுதல். தீப்பொறி தடுக்கும் வலை கரியால் அடைபட்டால் புகை வெளியேற இயலாது சூட்டை உள்ளே தேக்கும். வாளின் வலுவும் குறையும்.

3. காற்று வழி அடைபடுதல். சிலிண்டரைச் சுற்றியுள்ள தகடுகளுக்கு இடையில் எண்ணெயும் மரத்தூளும் படிந்தாற் காற்று செல்லாது.

4. பெற்றோல் குறைந்து காற்று மிகுதல். பெற்றோல் வடி அடைபட்டாலோ, குழாய் வெடித்தாலோ, காபுரேற்றரைத் தவறாகத் திருகினாலோ இது நேரும். பெற்றோலுடன் எண்ணெயும் குறைவாகச் செல்வதால் உராய்வும் சூடும் பெருகும்.

5. கிளச் உராய்தல். சங்கிலித் தடையை விடுவியாமல் எஞ்சினை விரைவாக ஓட்டினால் கிளச் சூடேறும். எனவே உருகிய இடத்தை முதலில் நோக்குதல் வேண்டும். கிளச்சைச் சுற்றி மட்டும் உருகியிருப்பின் சைலன்சர்மீது பழி போடுதல் பொருந்தாது.

சோதிக்கும் முறை

எஞ்சின் நன்கு ஆறியபின், பிளக்கின் வயரைக் கழற்றிவிட்டு வேலையைத் தொடங்குதல் வேண்டும். சைலன்சர் பொருந்தும் இடத்தைச் சுற்றிக் கரிக்கோடு காணப்படின் புகை அவ்வழியே கசிகின்றது எனக் கொள்ளலாம். திருகாணிகளைக் கைந்நூலிற் கூறிய அளவிற்கு இறுக்குக. ஒருமுறை வேலை செய்து ஆறியபின் மீண்டும் சோதிக்க. வலையைக் கழற்றிக் கம்பித் தூரிகையால் துலக்குக. தகடுகளை மரக்குச்சியாற் சுரண்டித் துப்புரவாக்குக.

பிளக்கின் முனை இளங் கபிலமாயின் எஞ்சின் நலமாயுள்ளது. வெண்மையாயின் சூடு மிகுந்துள்ளது. கறுத்து ஈரமாயின் பெற்றோலோ எண்ணெயோ மிகுதி. சில எஞ்சின்களுக்கு 1 லீற்றர் பெற்றோலுடன் 20 மி.லீ. எண்ணெயும், வேறு சிலவற்றிற்கு 40 மி.லீ. எண்ணெயும் கலத்தல் வேண்டும். தத்தம் வாளின் கைந்நூலைப் பார்த்தே கலக்குக. அளவு குறைந்தால் எஞ்சின் தேயும். மிகுந்தாற் கரி படிந்து வலை விரைவில் அடைபடும்.

பழுது நீக்குதல்

ஓரம் மட்டும் சிறிது உருகிய மூடியைச் செதுக்கிப் பயன்படுத்தலாம். ஆனால் முன்கைக் காப்பு, சங்கிலித் தடை, கைபிடி, பெற்றோல் தாங்கி ஆகியவற்றில் ஒன்று உருகியிருந்தாலோ வெடித்திருந்தாலோ ஒட்டிப் பயன்படுத்தலாகாது. சாதாரணப் பசை சூட்டில் இளகும். வாள் துள்ளும் வேளையிற் காப்பு கழன்றாற் கையே பலியாகும். கடதாசியையோ இறப்பரையோ கஸ்கெற்றாக வைத்தல் பயனற்றது. அலுமினியத்தில் திருகாணிப் புரி அழிந்திருப்பின் பெரிய திருகாணியை அடித்து இறக்காது, தொழில் அறிந்தவரிடம் கொடுத்துப் புதிய புரி இடுவித்தல் நன்று. வலு கூடும் என எண்ணிச் சைலன்சரில் துளையிடுதலும், கம்பிவலையை எறிந்துவிடுதலும் தீப்பொறியை வெளியே விடுவதற்குச் சமம்.

வயலிற் கவனம்

அறுவடையின் பின் வைக்கோலும் காய்ந்த புல்லும் நிறைந்திருக்கும் காலத்தில் இத்தவறுகள் வாளோடு நில்லா. சூடான வாளை வைக்கோல்மீது வைத்தாற் சூடடித்த பயனும் மாட்டின் தீனியும் ஒருங்கே எரியக்கூடும். வெறுந்தரையிலோ வெட்டிய அடிக்கட்டையிலோ அதனை வைத்தல் வேண்டும். எஞ்சின் ஆறுமுன் பெற்றோல் ஊற்றலாகாது. ஊற்றிய இடத்திலிருந்து 3 மீற்றராவது விலகிச் சென்றே வாளை இயக்குக. மொட்டைச் சங்கிலியால் அழுத்தி அறுத்தலும் எஞ்சினைச் சூடாக்கும். சீவலுக்குப் பதிலாக மாவு போன்ற தூள் வருமாயின் சங்கிலியைத் தீட்டும் வேளை வந்துவிட்டது.

சைலன்சர் கையிற் பட்டுச் சுட்டாற் பற்பசையோ எண்ணெயோ பூசாது, ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் பிடித்தல் வேண்டும். புண் பெரிதாயின் வைத்தியசாலைக்குச் செல்லுதல் அவசியம்.

நாள் வேலை முடிந்து வாள் ஆறியபின், மரத்தூளைத் தட்டித் திருகாணிகளைத் தொட்டுப் பார்க்கச் சில நிமிடமே செல்லும். அதனைத் தவறாது செய்யும் கமக்காரர் ஒரு மூடியின் விலையை மட்டுமன்றி, எஞ்சினையும், வைக்கோற் போரையும், தம் கையையும் காத்தவர் ஆவர்.